மாதிரி எடைகளைத் திருத்துவதும் அவற்றின் வேரியன்ஸைக் கணிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதிரிக் கணக்கெடுப்புத் தரவோடு வேலை செய்யத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எடைகளைத் திருத்துவதற்குக் காட்டும் அக்கறையில் கால்பங்கைக்கூடப் பலர் திட்டப் பிழைக்குக் காட்டுவதில்லை. திருத்திய எடையும் மாதிரியிலிருந்து பிறந்த எண்தான். வேறொரு மாதிரி கிடைத்திருந்தால் அந்த எடையும் வேறாக இருந்திருக்கும். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு உண்மையைச் சுற்றித்தான் வருகின்றன.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிப் பாடநூல் விலக்க வர்க்கச் சராசரி என்று சொல்வதை, புழக்கத்தில் உள்ளபடி வேரியன்ஸ் என்றே எழுதுகிறேன். ஒரு மதிப்பீட்டின் வேரியன்ஸுக்கு வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது திட்டப் பிழை. அடுக்கு என்பது மாதிரி எடுப்பதற்கு முன்பே மக்கள்தொகையைப் பிரித்துக்கொண்ட பிரிவு. கொத்து என்பது ஒரு அடுக்குக்குள் முதலில் தேர்ந்தெடுக்கப்படும் கிராமம், தெருத்தொகுதி, பள்ளி போன்ற அலகு.

எடை என்றால் என்ன? எல்லோரையும் ஒன்று என்று எண்ணினால் என்ன கெட்டுவிடும்?

மாதிரியில் உள்ள ஒருவர், வெளியே உள்ள எத்தனை பேருக்காகப் பேசுகிறார் என்பதே அவருடைய எடை. ஒருவர் தேர்வாகும் வாய்ப்பு 100-ல் 1 என்றால் அவர் எடை 100. தேர்வு வாய்ப்பின் தலைகீழியை எடையாக வைத்துக் கூட்டினால், மொத்தத்துக்குச் சாய்வில்லாத (ஒரே பக்கமாகத் தொடர்ந்து பிசகாத) மதிப்பீடு கிடைக்கும் என்பதை 1952-ல் ஹார்விட்ஸ், தாம்ப்சன் இருவரும் பொது வடிவில் நிறுவினார்கள். எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு இருந்து, எல்லோரும் பதிலும் தந்திருந்தால் எடை தேவையில்லை. அப்படி ஒரு கணக்கெடுப்பு நடைமுறையில் அமைவதே இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

அடுக்கு அ-வில் 20,000 குடும்பங்கள், அவற்றில் 200 தேர்வு. எடை 100. அடுக்கு ஆ-வில் 80,000 குடும்பங்கள், 400 தேர்வு. எடை 200. எடைகளைக் கூட்டிப் பாருங்கள்: 20,000 + 80,000 = 1,00,000. இது அடிப்படை எடை.

இனிக் களத்துக்குப் போகிறோம். அ-வில் 200 பேரில் 100 பேர்தான் பதில் தந்தார்கள். ஆ-வில் 400-ல் 320 பேர். பதில் தந்தவர்கள் தராதவர்களின் சுமையையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அ-வில் திருத்தக் காரணி 200/100 = 2, புதிய எடை 200. ஆ-வில் 400/320 = 1.25, புதிய எடை 250. மறுபடி கூட்டினால் 100 × 200 + 320 × 250 = 1,00,000. சுமை கைமாறியது, மொத்தம் மாறவில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் இந்தக் கூட்டலைச் செய்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பாதித் தவறுகள் இங்கேயே பிடிபடும்.

பதில் தராதவர்களுக்கான பிரிவுகளை எதை வைத்து அமைப்பது?

அடுக்கு மட்டும் போதாது. பதில் தந்தவர், தராதவர் இருவரைப் பற்றியும் நமக்குத் தெரிந்த தகவல்கள் எல்லாம் பயன்படும்: பகுதி, வீட்டின் வகை, ஆளைத் தேடி எத்தனை முறை போனோம் என்பது போன்றவை. இவற்றைக் கொண்டு, ஆம் அல்லது இல்லை என்ற விளைவின் வாய்ப்பைக் கணிக்கும் லாஜிஸ்டிக் பின்னடைவில் ஒவ்வொருவரும் பதில் தரும் வாய்ப்பைக் கணித்து, அந்த வாய்ப்பின் வரிசைப்படி ஐந்து பிரிவுகளாக வெட்டி, பிரிவுக்கு ஒரு காரணி தருவது வழக்கம். கணித்த வாய்ப்பின் தலைகீழியை நேரடியாகப் பெருக்கலாம்தான். ஆனால் 0.03 என்று ஒரு வாய்ப்பு வந்தால் ஒருவரின் எடை 33 மடங்கு எகிறிவிடும். பிரிவுகள் அந்த எகிறலை அடக்கிவைக்கும்.

இதில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. தேர்ந்தெடுக்கும் மாறி பதில் தருவதோடும் தொடர்புடையதாக இருக்க வேண்டும், நாம் அளக்க வந்த விஷயத்தோடும் தொடர்புடையதாக இருக்க வேண்டும். பதிலோடு மட்டும் தொடர்பு இருந்தால் சாய்வு குறையாது, வேரியன்ஸ்தான் கூடும். அளக்க வந்ததோடு மட்டும் தொடர்பு இருந்தால் வேரியன்ஸ் குறையும், அதுவும் லாபமே.

மாதிரி மிகப் பெரிதாக இருந்தால் எடை தேவைப்படாதுதானே?

1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் ஒரு கோடி வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லேண்டன் வெல்வார் என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கு மேல் வாக்குகள் வாங்கி வென்றார். யாருக்குச் சீட்டு போனது, யார் திருப்பி அனுப்பினார்கள் என்ற இரண்டிலுமே கோணல் இருந்தது. மாதிரி பெருத்தால் திட்டப் பிழை குறையும். சாய்வு இருந்த இடத்திலேயே இருக்கும்.

ரேக்கிங் என்பது என்ன?

1940-ல் டெமிங், ஸ்டீஃபன் இருவரும் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக முன்வைத்த முறை. பாலினம், வயது போன்றவற்றின் உண்மையான மொத்தங்கள் தனித்தனியாகத் தெரியும், இரண்டையும் குறுக்கே வைத்த அட்டவணை தெரியாது என்ற நிலையில் இது கைகொடுக்கும்.

100 பேர் மாதிரி, எல்லோருக்கும் எடை 1 என்று வையுங்கள். இளைய ஆண்கள் 30, மூத்த ஆண்கள் 30, இளைய பெண்கள் 10, மூத்த பெண்கள் 30. உண்மையில் ஆண் பெண் பாதிக்குப் பாதி, இளையோரும் மூத்தோரும் பாதிக்குப் பாதி. முதலில் பாலினத்தைச் சரிசெய்கிறோம்: ஆண்கள் 60, எனவே 50/60-ஆல் பெருக்க 25, 25. பெண்கள் 40, எனவே 50/40-ஆல் பெருக்க 12.5, 37.5. இப்போது இளையோர் 37.5, மூத்தோர் 62.5. வயதைச் சரிசெய்தால் இளைய ஆண்கள் 33.3, இளைய பெண்கள் 16.7, மூத்த ஆண்கள் 20, மூத்த பெண்கள் 30. வயது பொருந்தியது, ஆனால் ஆண்கள் 53.3 ஆகிவிட்டார்கள். மறுபடி பாலினம், மறுபடி வயது. ஒவ்வொரு சுற்றிலும் பிசகு சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் இளைய ஆண்கள் 31.7, இளைய பெண்கள் 18.3, மூத்த ஆண்கள் 18.3, மூத்த பெண்கள் 31.7 என்று நிலைக்கும்.

ஆளுக்கு எவ்வளவு என்று பார்த்தால், இளைய பெண் ஒவ்வொருவரின் எடையும் 1.83, மூத்த ஆணின் எடை 0.61, மற்ற இரு பிரிவினருக்கும் 1.06. பத்தே பத்து இளைய பெண்கள் பதினெட்டுப் பேருக்காகப் பேசுகிறார்கள். அந்தப் பத்துப் பேரும் மற்ற இளைய பெண்களைப் போன்றவர்களா என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது.

எந்த மாறிகளை வைத்து ரேக்கிங் செய்வது?

அளக்கும் விஷயத்தோடு ஒட்டியவற்றை. 2016 அமெரிக்கத் தேர்தலில் பல மாநிலக் கருத்துக்கணிப்புகள் கல்வித் தகுதியை எடையில் சேர்க்கவில்லை. பட்டதாரிகள் கணிப்புகளுக்கு அதிகம் பதில் சொல்பவர்கள், அந்தத் தேர்தலிலோ வாக்கும் கல்வியைப் பொறுத்துப் பிரிந்தது. கணிப்புகள் பிசகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று பின்னர் நடந்த ஆய்வு சொன்னது. அதற்காகக் கையில் கிடைத்த பத்து மாறிகளையும் திணித்தால் எடைகள் கன்னாபின்னாவென்று சிதறும், ரேக்கிங் குவியாமலும் (ஒரு விடையில் வந்து நிலைக்காமலும்) போகலாம். என் அனுபவத்தில் நான்கைந்து மாறிகளைத் தாண்டும்போது ஒவ்வொன்றும் தன் இடத்துக்கு நியாயம் சொல்லியாக வேண்டும்.

பின் அடுக்காக்கம், ரேக்கிங், காலிபரேஷன்: மூன்றும் ஒன்றா?

ஒரே குடும்பம். குறுக்கு அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தையும் பொருத்தினால் பின் அடுக்காக்கம். ஓரங்களை மட்டும் பொருத்தினால் ரேக்கிங். வருமானம், நிலப்பரப்பு போன்ற எண் மொத்தங்களையும் சேர்த்து, அடிப்படை எடையிலிருந்து கூடியவரை விலகாமல் பொருத்துவது காலிபரேஷன். 1992-ல் டெவில், ஸார்ண்டால் இருவரும் இவற்றை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். விலகலை எப்படி அளந்தாலும், மாதிரி பெரிதாகும்போது எல்லாம் பின்னடைவு மதிப்பீட்டுக்கு நெருங்கிவிடும் என்பது அவர்கள் காட்டிய முக்கியமான முடிவு. வேரியன்ஸுக்கு இதனால் ஒரு பெரிய பயன் உண்டு: அளந்த மதிப்பை நேரடியாக எடுக்காமல், காலிபரேஷன் மாறிகள் விளக்கியதுபோக மிஞ்சும் எச்சத்தை வைத்து வேரியன்ஸைக் கணிக்கலாம். மாறிகள் நன்றாக விளக்கினால் எச்சம் சிறிது, திட்டப் பிழையும் சிறிது.

ஒருவரின் எடை மட்டும் மிகப் பெரிதாக வந்துவிட்டது. வெட்டிவிடலாமா?

வெட்டலாம், ஆனால் என்ன கொடுத்து என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வெட்டுங்கள். வேரியன்ஸ் குறையும், பதிலுக்குக் கொஞ்சம் சாய்வு உள்ளே வரும். அதே 2016 தேர்தலில் சுமார் 3,000 பேர் கொண்ட ஒரு கணிப்பில் ஒரே ஒருவரின் எடை சராசரியைப் போல 30 மடங்கு இருந்தது. அவர் ஒருவர் இருப்பதும் இல்லாததும் நாட்டளவு முடிவையே அசைத்தது. சராசரியில் 5 மடங்கு என்று வரம்பு வைப்பவர்கள் உண்டு, அது பழக்கமே தவிர விதி இல்லை. வெட்டிய சுமையை மற்றவர்களுக்குப் பகிர்ந்துவிட்டு மறுபடி ரேக்கிங் செய்ய வேண்டும். வெட்டுவதற்கு முன்பும் பின்பும் முக்கியமான மதிப்பீடுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். பெரிதாக நகர்ந்தால், அந்த எடைக்குப் பின்னால் ஏதோ உண்மை இருக்கிறது.

நிகர மாதிரி அளவு என்கிறார்களே, அது என்ன?

எடைகளின் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தி, எடை வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுப்பது. புள்ளியியலாளர் கிஷ் தந்த சூத்திரம். ரேக்கிங் உதாரணத்தில் இது சுமார் 90. அதாவது 100 பேரைக் கேட்டு 90 பேரைக் கேட்ட துல்லியம். அதற்கு முந்தைய அ, ஆ அடுக்குகள் உதாரணத்தில் 420 பேருக்கு 417. எடைகள் ஏறக்குறைய சமம் என்பதால் இழப்பு அற்பம்.

இந்த எண்ணை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எடைக்கும் அளக்கும் விஷயத்துக்கும் தொடர்பே இல்லை என்ற அனுமானத்தில் பிறந்த சூத்திரம் இது. நல்ல காலிபரேஷன் வேரியன்ஸைக் குறைத்திருக்கும்போதும் இது இழப்பு என்றே சொல்லும். கொத்துகளால் வரும் இழப்பையோ இது பார்ப்பதே இல்லை.

எடை நெடுவரிசையை மட்டும் மென்பொருளிடம் கொடுத்தால் போதாதா?

சராசரிக்கும் சதவீதத்துக்கும் போதும். திட்டப் பிழைக்குப் போதவே போதாது. மேலே உள்ள 420 பேரில் எடையிட்ட விகிதம் 30 சதவீதம் என்று வையுங்கள். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் அடிப்படைத் தொகுப்பில் எடை போட்டால், அது எடையை நிகழ்வெண்ணாக எடுத்துக்கொண்டு 1,00,000 பேரைக் கேட்டதாக நினைக்கும். திட்டப் பிழை 0.14 சதவீதப் புள்ளி என்று வரும். 420 பேருக்கு உரியது 2.2. பதினைந்து மடங்கு பொய்த் துல்லியம். ஸ்டாட்டா மென்பொருளில் எடை வகையைத் தவறாகக் கொடுத்தாலும் இதே விபத்து நடக்கும்.

எடைகளை மாதிரி அளவுக்குச் சுருக்கி இதைத் தடுத்துவிட்டதாக நினைப்பவர்கள் கொத்தை மறந்துவிடுகிறார்கள். ஒரே கொத்தில் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். கொத்துக்கு 20 பேர், உள்ளொப்புமை (அந்த ஒற்றுமையை அளக்கும் எண்) வெறும் 0.05 என்றாலும் வேரியன்ஸ் 1 + 19 × 0.05 = 1.95 மடங்காகும். 2,000 பேரைக் கேட்டது ஏறக்குறைய 1,000 பேரைக் கேட்டதற்குச் சமம். எனவே எடை, அடுக்கு, கொத்து ஆகிய மூன்று நெடுவரிசைகளும் வேண்டும். ஆர் மொழியின் சர்வே தொகுப்பு, ஸ்டாட்டாவின் சர்வே கட்டளைகள் போன்றவை இந்த மூன்றையும் கேட்டு வாங்குவது இதற்காகத்தான்.

சரி, வேரியன்ஸை எப்படிக் கணிப்பது? கையால் போட்டுக் காட்டுங்கள்.

மூன்று அடுக்குகள், அடுக்குக்கு இரண்டு கொத்துகள். எடையிட்ட கொத்து மொத்தங்கள்: முதல் அடுக்கில் 1200, 1000. இரண்டாவதில் 800, 900. மூன்றாவதில் 1500, 1300. மொத்த மதிப்பீடு 6700. அடுக்குக்கு இரண்டே கொத்து என்றால் ஒவ்வோர் அடுக்கின் பங்கும் அந்த இரண்டின் வித்தியாசத்தின் வர்க்கம்: 40,000 + 10,000 + 40,000 = 90,000. திட்டப் பிழை 300.

கொத்துக்குள் வீடு எப்படித் தேர்வானது, ஆள் எப்படித் தேர்வானார் என்ற விவரம் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளே நடந்த ஏற்ற இறக்கம் எல்லாம் கொத்து மொத்தங்களின் வித்தியாசத்திலேயே வந்து சேர்ந்துவிடுகிறது. கொத்துகளைத் திரும்ப வைத்து எடுத்ததாகப் பாவிக்கிறோம், அதனால் வேரியன்ஸ் சற்றுக் கூடுதலாக வரும். பாதுகாப்பான பக்கம் அது.

இதே எடுத்துக்காட்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 6 கொத்துகள், 3 அடுக்குகள், எனவே வரையற்ற பாகைகள் (வேரியன்ஸைக் கணிக்கக் கிடைக்கும் சுதந்திரமான வித்தியாசங்களின் எண்ணிக்கை) 6 − 3 = 3 மட்டுமே. 1.96-ஆல் பெருக்கினால் இடைவெளி ± 588. 3 பாகைகளுக்கு டி பரவல் அட்டவணை தரும் சரியான மதிப்பு 3.18, அதனால் இடைவெளி ± 955. கொத்துக்குள் பத்தாயிரம் பேரைக் கேட்டிருந்தாலும் இதேதான்.

விகிதம், இடைநிலை, பின்னடைவுக் கெழு போன்றவற்றுக்கு?

விகிதத்துக்கும் கெழுவுக்கும் டெய்லர் விரிவைக் கொண்டு நேர்கோடாக்கி (வளைந்த சூத்திரத்தை நேர்கோட்டால் தோராயப்படுத்தி), மேலே உள்ள கணக்கையே போடலாம். இன்னொரு வழி ரெப்ளிகேட் எடைகள். மாதிரியின் ஒரு பகுதியை மாற்றி மாற்றி எடுத்து, ஒவ்வொரு முறையும் முழு மதிப்பீட்டையும் கணித்து, அவை எவ்வளவு ஆடுகின்றன என்று பார்ப்பது.

இந்தச் சிந்தனைக்கு ஆழமான வேர் உண்டு. வங்காளத்தின் சணல் பயிர்ப் பரப்பை மாதிரி முறையில் அளந்த இந்தியப் புள்ளியியலாளர் மஹலனோபிஸ், மாதிரியை ஒன்றையொன்று ஊடுருவும் துணை மாதிரிகளாகப் பிரித்து, வெவ்வேறு குழுக்களிடம் கொடுத்து, முடிவுகளின் வேறுபாட்டிலிருந்தே பிழையை அளந்தார். களப்பணியாளர்களின் பிசகும் அதில் தெரிந்துவிடும். இன்றைய சூத்திரங்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை என்பது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.

ஜாக்நைஃப், பிஆர்ஆர், பூட்ஸ்ட்ராப்: எதை எடுப்பது?

மேலே உள்ள ஆறு கொத்துகளில் முதல் அடுக்கின் இரண்டாம் கொத்தை நீக்கி, முதல் கொத்தை இரட்டிப்பாக்குங்கள். மொத்தம் 6900, வித்தியாசம் 200. மற்ற இரண்டு அடுக்குகளிலும் இப்படியே செய்து வர்க்கங்களைக் கூட்டினால் 90,000. இது ஜாக்நைஃப். பிஆர்ஆர் (சமன்செய்த அரை மாதிரிகளைத் திரும்பத் திரும்ப எடுக்கும் முறை) முறையில் எல்லா அடுக்குகளிலும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கொத்தை எடுத்து இரட்டிப்பாக்குவார்கள். எட்டு அரை மாதிரிகள் சாத்தியம் என்றாலும், ஹடமார்ட் அணியை (+1, −1 மட்டுமே கொண்ட, வரிசைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தான அணி) கொண்டு சமன்செய்த நான்கு போதும்: வித்தியாசங்கள் 500, −100, −300, −100. வர்க்கங்களின் சராசரி மீண்டும் 90,000. நேர்கோட்டு மதிப்பீட்டுக்கு எல்லாப் பாதைகளும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன.

இடைநிலை போன்றவற்றில் பாதைகள் பிரியும். ஒவ்வொன்றாக நீக்கும் ஜாக்நைஃப் இடைநிலைக்கு நம்பத்தகுந்ததல்ல. அங்கே பிஆர்ஆர் அல்லது, கையில் உள்ள மாதிரியிலிருந்தே திரும்பத் திரும்ப மறுதேர்வு செய்யும் பூட்ஸ்ட்ராப்பை எடுங்கள். சிறிய உட்பிரிவுகள் அரை மாதிரியில் காணாமல் போகும் அபாயம் இருந்தால், கொத்தை முற்றாக நீக்காமல் எடையைப் பாதியாகக் குறைக்கும் ஃபே திருத்தம் உதவும். கணக்கெடுப்பு பூட்ஸ்ட்ராப்பில் ஆட்களை மறுதேர்வு செய்யக்கூடாது, கொத்துகளைச் செய்ய வேண்டும். அடுக்கில் உள்ள கொத்துகளைவிட ஒன்று குறைவாக எடுத்து எடையைச் சரிக்கட்டுவது ராவ், வூ இருவரும் 1988-ல் காட்டிய வழி.

ரெப்ளிகேட் எடைகளை இறுதி எடையிலிருந்து உருவாக்கலாமா, திருத்தங்களை ஒவ்வொன்றிலும் திரும்பச் செய்ய வேண்டுமா?

திரும்பச் செய்ய வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ரேக்கிங்கில் ஆண்களின் மொத்தத்தை 50,000-க்குப் பொருத்தியிருக்கிறீர்கள். எந்த மாதிரி கிடைத்திருந்தாலும் உங்கள் மதிப்பீடு 50,000-ஆகத்தான் இருந்திருக்கும். அப்படியானால் அதன் திட்டப் பிழை பூஜ்யம். இப்போது இறுதி எடையை எடுத்து, கொத்துகளை நீக்கி இரட்டிப்பாக்கி ரெப்ளிகேட் செய்தால், ஒன்றில் 49,000, இன்னொன்றில் 51,000 என்று ஆண்கள் மொத்தம் ஆடும். இல்லாத பிழையை உண்டாக்கிவிட்டீர்கள். வயது, பாலினத்தோடு ஒட்டிய எல்லா மதிப்பீடுகளிலும் அந்தப் பொய்ப் பிழை கலந்திருக்கும். பதில் தராமைத் திருத்தத்தைத் திரும்பச் செய்யாவிட்டாலோ, பிழை எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது.

செய்முறை இது: அடிப்படை எடையில் கொத்தை நீக்கி இரட்டிப்பாக்குங்கள். அதன்மேல் பதில் தராமைக் காரணிகளைப் புதிதாகக் கணியுங்கள். பிறகு வெட்டல், பிறகு ரேக்கிங். எல்லாம் அதே வரிசையில், ஒவ்வொரு ரெப்ளிகேட்டுக்கும் தனியாக. இதற்காகப் பதில் தராதவர்களின் வரிசைகளைக் கோப்பிலிருந்து அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். களப்பணி முடிந்ததும் முதல் வேலையாக அவர்களை நீக்கிவிடுகிறார்கள், பிறகு இந்தக் கணக்கைப் போடவே வழியில்லாமல் போகிறது. ஏதாவது ரெப்ளிகேட்டில் ஒரு வயதுப் பிரிவு காலியாகி ரேக்கிங் குவிய மறுத்தால், பக்கத்துப் பிரிவோடு சேருங்கள், எல்லா ரெப்ளிகேட்டிலும் ஒரே மாதிரி சேருங்கள்.

சரியாகச் செய்தோமா என்று பார்க்க, ரேக்கிங் மொத்தங்களுக்கே திட்டப் பிழையைக் கேளுங்கள். பூஜ்யம் வர வேண்டும்.

ஓர் அடுக்கில் ஒரே ஒரு கொத்துதான் இருக்கிறது. மென்பொருள் பிழை காட்டுகிறது.

வித்தியாசம் எடுக்க இன்னொன்று இல்லாததால் அப்படி. அதை ஒத்த பக்கத்து அடுக்கோடு இணைத்துவிடுங்கள். கிடைத்த முடிவுகளைப் பார்த்து இணைக்காதீர்கள், அடுக்கின் தன்மையைப் பார்த்து இணையுங்கள்.

பெண்களை மட்டும் பிரித்தெடுத்து ஆராய்வதில் தவறு உண்டா?

மற்றவர்களின் வரிசைகளை அழித்தால் உண்டு. சில கொத்துகள் முழுதாகக் காணாமல் போகும், அவற்றில் பூஜ்யம் இருந்தது என்ற தகவலும் சேர்ந்து போகும். முழுத் தரவை வைத்துக்கொண்டு உட்பிரிவுக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். ரெப்ளிகேட் எடைகள் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

விருப்பப்பட்டவர்கள் நிரப்பும் இணையக் கணிப்புக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ரேக்கிங் செய்யலாம், சாய்வு கொஞ்சம் குறையலாம். ஆனால் தேர்வு வாய்ப்பே தெரியாத இடத்தில் அடிப்படை எடை என்று ஒன்று கிடையாது. அங்கே கிடைக்கும் திட்டப் பிழை ஒரு மாதிரியுரு அனுமானத்தின் மேல் நிற்கிறது, அதை வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

வேறொருவர் தந்த கோப்பில் ரெப்ளிகேட் எடைகள் இருக்கின்றன. வேறென்ன தெரிய வேண்டும்?

எந்த முறை, எத்தனை ரெப்ளிகேட், வர்க்கக் கூட்டுத்தொகையை எதனால் பெருக்க வேண்டும். ஃபே கெழு 0.5 என்றால் சாதாரண பிஆர்ஆர் விடையை 4-ஆல் பெருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் திட்டப் பிழை பாதியாகத் தெரியும், வெளிவந்த முடிவைப் பார்த்துக் கண்டுபிடிப்பதும் கடினம். ஆவணத்தில் அந்த எண் இல்லை என்றால், கோப்பைத் தந்தவரிடம் கேட்டு வாங்கும்வரை திட்டப் பிழையை வெளியிடாதீர்கள்.